லயத்துக்குப் பொருந்தாத பக்கங்கள்: குடும்பத் திட்டங்களை அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிள்ளைகள் போதைப் பழக்கத்துக்குப் போகாமல் தடுக்க, பெருந்தோட்டப் பகுதிகளுக்கான குடும்பத் திறன் நிகழ்ச்சித்திட்டத்தைத் தெரிவுசெய்து, மொழிபெயர்த்து, நிதி தந்து அனுப்பும் பணிப்பாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும்,

கடந்த மாதம் உங்களிடமிருந்து வந்த சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் இருந்தன. கையேட்டில் உள்ளதை ஒரு வரிகூட மாற்றாமல் நடத்த வேண்டும். தாய், தந்தை, சட்டப்படியான பாதுகாவலர் தவிர வேறு எவரையும் பங்கேற்பாளராகப் பதியக் கூடாது. தோட்டங்களில் வருகை குறைவதற்கு, அமர்வுகளை நடத்தும் வளவாளர்களின் மனப்பான்மையே முக்கிய காரணம் என்பதால், நாங்கள் எல்லோரும் ஒருநாள் மனப்பான்மை விருத்திப் பயிற்சிக்கு வர வேண்டும்.

நான் இலங்கை மலையகத்தின் ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்த அமர்வுகளை நடத்துகிறவள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள், தேயிலைக் கொழுந்து பறித்தவரின் மகள். இந்தத் திட்டத்தின் அடிப்படையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. பிள்ளை கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தையோ பாபுல் என்கிற புகையிலைப் பாக்கையோ தொடுகிற வயதுக்கு வருமுன்பே வீட்டுக்குள் பேச்சு இருக்க வேண்டும், விதி இருக்க வேண்டும், பிள்ளை எங்கே யாரோடு இருக்கிறது என்று பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை எங்களில் யாரும் மறுக்கவில்லை. கையேட்டின் சில பக்கங்கள் இங்கே நடக்காது என்று நாங்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளை நீங்கள் ஒத்துழையாமை என்று வாசித்துவிட்டீர்கள். எங்கள் வேலையின் முக்கியமான தகவல் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டிய நோயாக நீங்கள் கணக்கில் எடுத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பக்கங்கள் எவை என்று சொல்கிறேன்.

பிள்ளை விதியை மீறினால் அதை அதன் அறைக்கு அனுப்பிச் சிறிது நேரம் தனியே விடுங்கள் என்கிறது மூன்றாம் அமர்வு. லயத்துக் காம்பரா 10க்கு 12 அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் குசினி. அதற்குள் ஆறேழு பேர். ஒரு பிள்ளையை "தனியே" அனுப்ப வேண்டுமென்றால் வெளியே இருட்டுக்கும் மழைக்கும்தான் அனுப்ப வேண்டும். இதை அப்படியே வாசித்தால் தாய்மார் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள், வீட்டில் செய்ய மாட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம்? பெரியவர் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பது, கோபம் இறங்கிய பிறகு பேசுவது என்று மாற்றினோம். கோபம் ஏறியிருக்கும்போது தண்டிக்காதே என்பதுதானே அந்தப் பாடத்தின் நோக்கம். அது அப்படியே இருக்கிறது. மாற்றியது இடத்தை மட்டும்.

"வேண்டாம்" என்று சொல்லப் பழக்கும் அமர்வும் இப்படித்தான். கையேட்டில், பெற்றோர் இல்லாத வீட்டில் நண்பன் விருந்து வைக்கிறான், பியர் நீட்டுகிறான், பிள்ளை அவன் கண்ணைப் பார்த்து உறுதியாக மறுக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு நீட்டுகிறவன் பெரும்பாலும் நண்பன் இல்லை. கலியாண வீட்டில் மாமா, திருவிழாவில் சித்தப்பா. அல்லது வீட்டிலேயே தாத்தா, "ஓடிப்போய் வாங்கிட்டு வா" என்று காசைக் கையில் திணிக்கிறார். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மதுவோ புகையிலையோ விற்கக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். கடைக்காரருக்கும் அது தெரியும். மாமாவின் கண்ணைப் பார்த்து உறுதியாக மறுக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அடிதான் விழும். அதனால் பிள்ளைகளையே கேட்டோம், இப்படி நேரத்தில் என்னதான் செய்வீர்கள் என்று. "அம்மா கூப்புடுறாங்கன்னு ஓடிருவேன்" என்றான் ஒருவன். "கிளாஸ வாங்கி அப்பாயிகிட்ட குடுத்துருவேன்" என்றாள் இன்னொருத்தி. இரண்டையும் நடித்துப் பார்த்தோம். கூடவே, அப்படி ஓடிவருகிற பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய கடமை பெரியவருடையது என்று பெற்றோர் பக்கத்து அமர்வில் ஒரு பகுதியைச் சேர்த்தோம். இதைத்தான் உங்கள் கண்காணிப்புப் படிவம் "விலகல்" என்று பதிந்திருக்கிறது.

இன்னொன்று. கையேட்டில் புகையிலை என்றால் சிகரெட் மட்டும்தான். இங்கே பிள்ளை முதலில் பார்க்கிற புகையிலை வீட்டுப் பெரியவரின் வெற்றிலைப் பையில் இருக்கிறது. மலையில் குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. பையன்கள் அங்கிருந்து பாபுலுக்குப் போகிறார்கள், 2016இல் தடை வந்த பிறகும். இதைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லாத கையேட்டை ஒரு வரி மாற்றாமல் நடத்தினால் எந்தத் தடுப்பைச் செய்கிறோம்?

பாராட்டும் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடியோவில் ஒரு தகப்பன் மகனைக் கட்டிப்பிடித்து, உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்கிறான். பிறகு ஒவ்வொருவரும் குடும்பத்தில் ஒருவரை மூன்று விதமாக வாய்விட்டுப் பாராட்ட வேண்டும். ஒரு தோட்டத்தில் இதை நடத்தியபோது ஆண்கள் வெளியே பார்த்தார்கள், பெண்கள் மடியைப் பார்த்தார்கள். உங்கள் அறிக்கையில் அது "பங்கேற்பாளர்களிடம் உணர்வு வெளிப்பாடு குறைவு". நான் பயிற்சியை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டில் அன்பாக இருக்கிறார்கள் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு தங்கச்சி சொன்னாள்: "சம்பளத்தன்னைக்கு டவுன்லருந்து ரோல்ஸ் வாங்கியாருவாரு. புள்ளைகளுக்குக் குடுத்துட்டு, எனக்கு ஒன்ன தனியா பேப்பர்ல சுத்தி ஜக்கட் பைக்குள்ள வச்சிருப்பாரு." சொல்லும்போதே தன் சட்டைப் பையை இரண்டு விரலால் தொட்டுக் காட்டினாள். பின்வரிசையில் இருந்த அவள் புருஷன் எழுந்து வெளியே போகப் பார்த்தார், மற்ற ஆண்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் பேசாதவர்கள் இல்லை. பாராட்டு என்ற பாடம் அன்று நடந்தது. கையேட்டில் இருந்த வழியில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், பாட்டிமார்.

மலையகத்தில் எத்தனை வீடுகளில் தாய் குவைத்திலோ சவூதியிலோ இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தகப்பன் கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ. பிள்ளை வளர்வது அம்மாயியிடம் அல்லது அப்பாயியிடம். வெளிநாடு போகும் தாயிடம் அரசு 2013இலிருந்து குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று அதில் காட்ட வேண்டியிருந்தது. பல வீடுகளில் அங்கே போனது பாட்டியின் பெயர். அரசாங்கக் கடதாசி ஏற்ற அந்தப் பெயரை உங்கள் பதிவேடு ஏற்கவில்லை. சட்டப்படியான பாதுகாவலர் என்று நிறுவ நீதிமன்றப் பத்திரம் வேண்டும். நாட்சம்பளத்தை விட்டுவிட்டு அதற்கு யார் அலைவார்?

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாயி எல்லா அமர்வுக்கும் வந்தார். முதல் வரிசையில், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். இரண்டு பேரப்பிள்ளைகள், பெரியவனுக்கு 13 வயது. வாரம் ஒருமுறை குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள் என்ற பாடத்தை அந்தக் குழுவிலேயே உருப்படியாகச் செய்தவர் அவர்தான். ஞாயிறு இரவு போனை மாவு டின்னில் சாய்த்து வைத்து, இமோ செயலியில் குவைத்தில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு, பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசினார். ஒன்பது மணிக்குப் பிறகு போன் அம்மாயியிடம்தான் இருக்கும் என்று அங்கேதான் முடிவாயிற்று. விதியைச் சொன்னது தாய், நடத்துகிறவர் அம்மாயி, ஒப்புக்கொண்டவன் பையன். இந்தத் திட்டத்திடம் நீங்கள் எதிர்பார்க்கிற எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் உங்கள் பதிவேட்டில் அவர் "பார்வையாளர்". அந்தக் குடும்பம் "பூர்த்தி செய்யாத குடும்பம்". குறைந்தது என்று நீங்கள் சொல்கிற வருகைக் கணக்கில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

வருகையைப் பற்றிப் பேசும்போது நேரத்தையும் பேச வேண்டும். கொழும்பிலிருந்து வரும் உத்தியோகத்தர்கள் அன்றே திரும்ப வேண்டும் என்பதால் அமர்வு வேலைநாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் பெண்கள் மலையில் நிற்கிறார்கள். பாதியில் இறங்கினால் அன்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். நாட்சம்பளம் 1000 ரூபா ஆனதே 2021இல்தான், 2024இல்தான் 1350. அதில் பாதியை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் கூப்பிடுவது? நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிற, போதைப்பொருள் மற்றும் குற்றத்துக்கான ஐ.நா. அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட தடுப்புக்கான சர்வதேசத் தரநியமங்களைத் திறந்து பாருங்கள். பெற்றோர் வருவதற்கு வசதியாக வேலை நேரத்துக்கு வெளியே வையுங்கள், சாப்பாடு கொடுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள், போக்குவரத்துக்கு உதவுங்கள் என்று அதிலேயே இருக்கிறது. எங்கள் வரவுசெலவில் முதலில் வெட்டப்பட்டது சாப்பாடு. அடுத்தது பிள்ளை பார்க்கும் ஆயாவின் கொடுப்பனவு. கையேட்டின் வசனத்தைத் தொடக் கூடாது என்று எங்களிடம் சொல்கிறீர்கள். திட்டத்தின் அங்கமான சாப்பாட்டையும் ஆயாவையும் எடுத்தது நாங்கள் அல்ல.

நான்கு பக்கச் சம்மதப் படிவம் இன்னொரு தடை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் போட்ட ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகப் பங்குபோடப்பட்டு, 2003 வரை சட்டம் சட்டமாகக் காத்திருந்த சனம் இது. வாசிக்க முடியாத கடதாசியில் கையெழுத்துப் போட வயசாளிகள் தயங்கினால் அதற்கு வரலாறு இருக்கிறது. படிவத்தை ஒரு பக்கமாக்கி, நாங்கள் வாசித்துக் காட்டி, ஒரு நாள் யோசிக்க விட்டால் போடுவார்கள்.

எங்கள் பக்கத்தையும் மறைக்கப் போவதில்லை. வளவாளர்களின் மனப்பான்மையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. "இந்தச் சனத்தை மாத்த ஏலாது" என்று அமர்வு முடிந்த கையோடு வேனில் ஏறும்போது சொல்கிற சக உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். லயத்து வீட்டில் தேத்தண்ணி வாங்கிக் குடிக்காதவர்களும் இருக்கிறார்கள், ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். குடிக்கிறவனைக் கெட்டவன் என்று முடிவுகட்டிவிட்டு வகுப்பெடுத்தால் அவன் மறுவாரம் வர மாட்டான். இன்னும் சிலர் தங்களுக்குக் கூச்சமான பாடத்தையெல்லாம் "எங்கட கலாசாரத்துக்குச் சரிவராது" என்று தாண்டிவிடுகிறார்கள். பிள்ளையை அடிக்காதே என்கிற அமர்வு அப்படித்தான் பல தோட்டங்களில் பத்து நிமிடத்தில் முடிகிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பாடசாலையிலேயே பிரம்பு கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டுவிட்டது. வீட்டில் பெல்ட்டால் அடி வாங்கிய பிள்ளை அதைக் கலாசாரமாக நினைப்பதில்லை. பெரியவர்களின் கூச்சத்துக்கும் பழக்கத்துக்கும் கலாசாரம் என்று பெயர் வைத்து யாரும் தப்பிக்கக் கூடாது, வளவாளர் உட்பட.

இதற்காகத்தான் கேட்கிறோம்: எது மாற்றக் கூடாதது, எது மாற்றலாம் என்று நீங்களும் நாங்களும் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் பூட்டிவைத்தால், தேவையானதை மாற்றுகிறவரும் தேவையில்லாமல் விடுகிறவரும் உங்கள் படிவத்தில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

இது எங்கள் மலைக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. அமெரிக்காவின் அயோவாவில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக நடத்திய ஏழு வாரத் திட்டம் 1990களின் ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியது. அதையே சுவீடனிலும் போலந்திலும் வேல்ஸிலும் கொண்டுபோய் முறையாகச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் வேலை செய்தது இன்னோரிடத்தில் தானாக வேலை செய்துவிடாது. மறுபக்கம், இந்தக் குடும்பத் திட்டத்தை முதலில் உருவாக்கிய கரோல் கம்ஃபரும் சகாக்களும் 2002இல் ஒன்றை எழுதினார்கள்: பண்பாட்டுக்கேற்ப மாற்றும்போது குடும்பங்கள் கூடுதலாகத் தங்குகின்றன, ஆனால் அமர்வுகளைக் குறைத்து உட்கருவை வெட்டினால் பலன் குறைகிறது. நான் மேலே சொன்ன இரண்டு பக்கமும் இதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துக் கிராமப்புறக் கறுப்பினக் குடும்பங்களுக்கு ஆய்வாளர் ஜீன் புரோடி குழுவினர் செய்த திட்டம் அந்தக் குடும்பங்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, இனப் பாகுபாட்டைப் பிள்ளை எப்படி எதிர்கொள்வது என்பதையும் பாடமாக வைத்தது. அங்கே பிள்ளைகள் குடிக்கத் தொடங்குவது குறைந்தது.

எனக்கு மிக நெருக்கமாகப் படுவது தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் நடந்தது. ஆய்வு 2018இல் வெளிவந்தது. பதினான்கு அமர்வுகள், நடத்தியவர்கள் உள்ளூர் ஆட்கள். தாயானாலும் பாட்டியானாலும் பிள்ளையைப் பார்க்கிறவர் வந்தார். வர முடியாதவரின் வீட்டுக்கு அமர்வே போனது. வரவுசெலவும் சேமிப்பும் அதில் ஒரு பாடம். பிள்ளைகள் மீதான வன்முறையும் குறைந்தது, குடியும் குறைந்தது.

வரவுசெலவு என்றதும் ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. உங்கள் அலுவலகத்திலிருந்து கண்காணிப்புக்கு ஒருவர் வந்திருந்தார். குடும்பத்தின் குறிக்கோள் என்ற பாடம். பெண்கள் பேச்சைத் தீபாவளி முற்பணத்துக்குக் கொண்டுபோனார்கள். மொத்தமாகக் காசு வருகிறது, பாதி உடுப்புக்கு, மீதி சாராயத் தவறணைக்கு, பிறகு மாதா மாதம் சம்பளத்தில் கழிகிறது. ஆண்களும் இருந்தார்கள். சத்தம் கூடியது, பிறகு இறங்கியது. கடைசியில் முற்பணம் கைக்கு வருகிற அன்றே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குடும்பமாக டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிவிடுவது என்று பல வீடுகள் பேசிவைத்தன. குறிக்கோள் என்றால் இதைவிட என்ன? படிவத்தில் அதற்கு இடமில்லை. "பாடத்துக்குப் புறம்பான உரையாடல், 20 நிமிடம்" என்று எழுதி எனக்குப் புள்ளி குறைத்திருந்தார்கள். வந்தவரின் மீது எனக்குக் குறையில்லை, அவர் கையில் இருந்த கடதாசி அப்படி.

இனி எங்கள் கோரிக்கைகள்.

வளவாளர்களின் மனப்பான்மைதான் காரணம் என்ற வசனத்தைச் சுற்றறிக்கையிலிருந்து திரும்பப் பெறுங்கள். அந்த ஒருநாள் பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு நாள் கூட்டம் வையுங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வைத்தால் எல்லோரும் வர முடியும். நாங்கள் எங்கள் கையேடுகளைக் குறிப்புகளோடு கொண்டுவருகிறோம். திட்டத்தை எழுதியவர்களின் தரப்பிலிருந்து ஒருவர் சூமிலாவது இருக்கட்டும். ஒவ்வொரு அமர்விலும் தொடக் கூடாதது எது, மாற்றக்கூடியது எது என்று அங்கே முடிவாகி, அடுத்த பதிப்பில் அச்சாக வேண்டும். சாதி, குடிகாரர் மீதான வெறுப்பு, பிள்ளையை அடிப்பது, இந்த மூன்றிலும் வளவாளர்களுக்குப் பயிற்சி வேண்டும். அதை நாங்களே கேட்கிறோம், முதல் ஆளாக வந்து உட்காருவோம்.

பதிவேட்டில் "பிள்ளையைப் பராமரிப்பவர்" என்ற ஒரு நிரலை வையுங்கள். பாட்டி, அக்கா, சித்தி, யார் வளர்க்கிறாரோ அவர் பங்கேற்பாளர். கடந்த சுற்றில் பார்வையாளராக எழுதப்பட்டவர்களைத் திருத்தி, வருகைக் கணக்கை மறுபடி வெளியிடுங்கள்.

அமர்வுகளை ஞாயிற்றுக்கிழமைக்கோ மாலை ஐந்து மணிக்குப் பிறகோ மாற்றுங்கள். முடியாத இடத்தில் அரைப்பேருக்கான ஈட்டைத் திட்டம் கொடுக்க வேண்டும், அல்லது முழுப்பேர் போடும்படி தோட்ட நிர்வாகத்தோடு எழுத்தில் பேசி முடிக்க வேண்டும். சாப்பாடும் ஆயாவும் திரும்ப வர வேண்டும். இதற்குப் பணம் போதாதென்றால் வண்ண அச்சுக் கையேட்டைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள்.

கண்காணிப்புப் படிவத்தில், மாற்றியது என்ன, ஏன், குடும்பங்கள் என்ன செய்தன என்று எழுத இடம் விடுங்கள். எழுதியதை எங்களுக்கும் காட்டுங்கள். உங்கள் ஆலோசனைக் குழுவில் தோட்டத்திலிருந்து இரண்டு பெற்றோரைச் சேர்த்து, கூட்டத்துக்கு வரும் நாளின் சம்பளத்தைக் கொடுங்கள். வெற்றிலை, பாபுல் பற்றிய ஒரு அமர்வை எழுத எங்களுக்கு அனுமதி தாருங்கள். வரைவு தயாராகவே இருக்கிறது.

அடுத்த சுற்று தையில் தொடங்குகிறது. மார்கழி முடிவதற்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். அதுவரை அமர்வுகளை நாங்கள் நிறுத்தப் போவதில்லை. பிள்ளையை வளர்க்கிறவர் யாரோ அவருடைய பெயரைப் பங்கேற்பாளர் பட்டியலில் எழுதியே அனுப்புவோம்.

இப்படிக்கு,
ஹட்டன் வட்டாரத் தோட்டங்களில் பணிபுரியும் ஒரு வளவாளர்